நாயின் நகத்தில் குருதி வந்தால்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழா அவையில் பேசுவதற்கு இது மிகச் சிறிய பொருள் என்று தோன்றலாம். வளர்ப்பு நாயின் நகம், அதை வெட்டும்போது கை தவறி வந்த குருதி, அதனை நிறுத்தும் வழி. இவ்வளவே இன்றைய பேச்சு. ஆயினும் நாய் வளர்க்கும் இல்லங்களில் இந்தச் சிறு நிகழ்ச்சி உண்டாக்கும் கலக்கம் சிறிதன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் முன்னாளில் நாய் களத்துமேட்டிலும் திண்ணையோரத்திலும் கிடந்தது. மண்ணிலும் கல்லிலும் ஓடித் திரிந்த அதன் நகங்கள் தாமே தேய்ந்தன. நாய்க்கு நகம் வெட்டுவது என்றால் அந்நாளில் சிரித்திருப்பார்கள். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் நகரங்களில் அடுக்ககங்களில் வாழ்கின்றனர். நாயும் அவர்களோடு மூன்றாம் மாடியில், வழவழப்பான டைல்ஸ் தரையில் வாழ்கிறது. தேய்வதற்கு வழியில்லாத நகம் வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நகவெட்டி வீட்டுக்குள் வந்தது. அதனோடு இந்தக் கலக்கமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை எண்ணிப் பார்க்கலாம். பேரன் நாயை மடியில் அணைத்துக்கொண்டிருக்கிறான். அவன் தந்தை நகவெட்டியோடு அமர்ந்திருக்கிறார். இரண்டு நகங்கள் நன்றாகவே முடிந்தன. மூன்றாவதில் கை சற்று உள்ளே சென்றுவிட்டது. நாய் வீறிட்டுக் கத்தியது. வெண்தரையில் செந்துளிகள் சிதறின. அடுக்களையிலிருந்து ஓடிவந்த பாட்டி, “ஐயோ, வாயில்லாச் சீவனை இப்படிப் பண்ணிட்டியேடா!” என்று அலறினார். தந்தை நகவெட்டியைக் கீழே போட்டார். பேரன் அழத் தொடங்கினான். யாரோ காப்பித்தூள் டப்பாவை எடுத்து ஓடிவந்தனர். பிடி தளர்ந்ததும் நாய் பாய்ந்து கூடம், அறை, தாழ்வாரம் எங்கும் ஓடிக் கட்டிலடியில் புகுந்தது. அதன் தடமெல்லாம் குருதி. பத்து நிமிடத்தில் அந்த வீட்டைக் காண்பவர் பெரும் விபத்து நிகழ்ந்ததாகவே எண்ணுவர். உண்மையில் நிகழ்ந்தது ஓரிரு மில்லிமீட்டர் வெட்டு.

எவ்வளவு குருதி போயிற்று என்பதை முதலில் தெளிதல் வேண்டும். நாயின் உடலில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி வரை குருதி உண்டு. பத்துக் கிலோ எடையுள்ள நாயினிடம் முக்கால் லிட்டருக்கு மேலேயே இருக்கும். ஒரு தேக்கரண்டிக் குருதி என்பது 5 மில்லி. அந்த ஒரு கரண்டியை வெண்தரையில் சிந்தி, அதன்மேல் நாலு கால்களும் நடந்தால், தரை முழுவதும் சிவந்து தோன்றும். கண் காண்பது பரப்பை. உடல் இழந்தது அளவை. நலமான நாய் வெட்டுப்பட்ட ஒரு நகத்தின் வழியே உயிர் போகும் அளவு குருதி இழப்பதில்லை. இதை அறிந்தவருடைய கை நடுங்குவதில்லை. நடுங்காத கையே இவ்வேளையில் நாய்க்குத் தேவை.

நகத்தினுள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புறத்தே காணும் கடினமான பகுதி கெரட்டின் என்னும் பொருளால் ஆனது. மாட்டுக் கொம்பும் குளம்பும் மனிதரின் முடியும் நகமும் அதனாலேயே ஆனவை. அதில் உணர்ச்சி இல்லை. அக்கொம்புறைக்குள் விரலின் கடைசி எலும்பை ஒட்டி மென்மையான உயிர்ச்சதை ஒன்று முன்னோக்கி நீண்டிருக்கிறது. அதில் குருதிக்குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. நாய் வளர்ப்போர் இதனைக் ‘குயிக்’ என்று ஆங்கிலப் பெயரால் குறிக்கின்றனர். தமிழில் நகக்கண் என்ற சொல் முன்பே இருக்கிறது. நகக்கண்ணில் முள் ஏறினால் எப்படி உயிர் துடிக்கும் என்பது மனிதர் யாவரும் அறிந்தது. நாய் கத்தியதற்கு அதுவே காரணம். அது முரண்டுமன்று, நடிப்புமன்று.

இனிச் செய்யத்தக்கதைப் பார்ப்போர் முதலில் நாயின் வாயை நினைவிற் கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு பழகிய நாயாயினும், நோவு மிகுந்த கணத்தில் தன்னைத் தொடும் கையைக் கடிக்கக்கூடும். அது பகையினால் அன்று. ஆதலால் சிறுவரை விலக்கிவிட்டு, நாய்க்குப் பழகிய பெரியவர் ஒருவர் மட்டும் அதன் தோளை அணைத்துக்கொண்டு அமர, மற்றொருவர் காலைப் பிடிக்க வேண்டும். கடிக்க முனையும் நாயாயின் மெல்லிய துணிப்பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், மூச்சிரைக்கும் நாய்க்கும் அவ்வாறு கட்டுதல் ஆகாது, மூச்சு முட்டும். ஒருகால் பல் பட்டுவிட்டால், நாயின் காலைப் பிறரிடம் விட்டுவிட்டு, கடிவாயை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே மருத்துவரைக் காண வேண்டும். வீட்டு நாய்தானே என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றிக் கேளாமல் இருந்துவிடலாகாது.

நாய் அமைதியடைந்ததும், தூய்மையான பஞ்சுத்துணியை, அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணியையோ துவைத்த பழைய வேட்டித் துணியையோ நாலாக மடித்து, குருதி வரும் நகநுனியில் வைத்து விரல்களால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் நன்று. ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துதல் வேண்டும். ஐந்து நிமிடம் என்பது கடிகாரம் காட்டும் ஐந்து நிமிடம். மனம் எண்ணும் ஐந்து நிமிடம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இடையில் துணியை எடுத்து, நின்றுவிட்டதா என்று பார்ப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. குருதியிலுள்ள நுண்தட்டுகள் வெட்டுவாயில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன. அதன்மேல் நார்வலை ஒன்று படர்ந்து அதனை உறுதியாக்குகிறது. துணியை எடுக்குந்தோறும் அவ்வடைப்புப் பிய்ந்து வருகிறது. நான்கு முறை பார்த்தவர் நான்கு முறை முதலிலிருந்து தொடங்குகிறார்.

அழுத்தத்தோடு தூளும் சேர்ந்தால் இன்னும் விரைவில் நிற்கும். செல்லப்பிராணிகளுக்கான பொருள் விற்கும் கடைகளில் ஸ்டிப்டிக் பவுடர் என்ற பெயரில் ஒரு மஞ்சட்பழுப்புத் தூள் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் இருப்பது ஃபெரிக் சப்சல்பேட் என்னும் இரும்பு உப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மோன்செல் என்னும் பிரெஞ்சு இராணுவ மருந்தாளர் படைவீரரின் காயங்களுக்காகக் கண்ட பொருள் அது. இன்றளவும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அதில் ஒரு சிட்டிகையைச் சிறு மூடியில் இட்டு, நகநுனியை அதில் தோய்த்து, விரலால் அழுத்தி ஒரு நிமிடம் பிடித்தால் போதும். முதற்கணத்தில் எரியும், நாய் காலை இழுக்கும். அதை எதிர்பார்த்தே பிடித்திருக்க வேண்டும். இத்தூள் நகநுனிக்கு உரியது. ஆழமான தோற்காயத்தில் கொட்டுவதற்கு அன்று.

அத்தூள் இல்லாத வீட்டில் படிகாரம் இருக்கலாம். சீனாக்காரம் என்றும் சொல்வர். கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பாட்டிமார் குடத்தில் சுழற்றிய அதே கட்டி. முகம் மழித்த பின் முடிதிருத்துநர் கன்னத்தில் தேய்க்கும் அதே கட்டி. நீரில் மிதக்கும் அழுக்கைத் திரட்டுவது போலவே, குருதியிலுள்ள புரதத்தையும் அது திரட்டி இறுக்குகிறது. நுண்குழாய்களையும் சுருங்கச் செய்கிறது. கட்டியை நனைத்து நகநுனியில் ஒற்றலாம். பொடித்துத் தோய்த்தால் இன்னும் நன்று. விலையோ மிகக் குறைவு. வெளிநாட்டுத் தூள் கிடைக்கவில்லையே என்று வருந்துவோர் வீட்டு நிலைப்படிக்கு மேலே, திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் இக்கட்டியே தொங்கிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். (தூசி படிந்த அக்கட்டியை அவிழ்த்துவிட வேண்டா, புதியது வாங்கிக்கொள்வதே முறை.)

இரண்டும் இல்லையெனில் அடுக்களையில் கார்ன்ஃபிளவர் மாவு அல்லது மைதா இருக்கும். இவை மருந்தல்ல, ஈரத்தை உறிஞ்சி, குருதி உறைவதற்கு ஒரு பற்றுக்கோடு தருவன. ஆதலால் தூளைத் தூவிவிட்டுக் கையை எடுத்துவிடாமல், மாவில் தோய்த்த நகத்தைச் சில நிமிடம் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். ஈரமாக்கி மென்மையாக்கிய, வாசனை மிகாத குளியல் சோப்பில் நகநுனியை அழுத்தி, நகத்துள் சிறிது சோப்பு அடைபடச் செய்வதும் பழைய கைமுறைகளில் ஒன்று.

இனிக் காப்பித்தூள். வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள் வைப்பது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுநாள் வழக்கம். நாய்க்கு அது ஆகாது. மனிதர் தம் விரலை நக்குவதில்லை, நாய் நக்கும். காப்பியிலுள்ள கஃபீன் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும் பொருள். சிறிய நாயாயின் சிறிதளவே தீங்கு செய்யும். சுண்ணாம்பு வைத்தால் உயிர்ச்சதை வெந்துவிடும். மண்ணெண்ணெயும் புகையிலையும் நஞ்சு. வாசலில் கிடக்கும் கோலப்பொடி, பெரும்பாலும் கல்மாவு; வெண்மையாய் இருப்பதால் தூயதென்று ஆகிவிடாது. மஞ்சள் நஞ்சன்று, ஆனால் ஓடும் குருதியை நிறுத்துவதில் அதை நம்பிக் காத்திருப்பது காலத்தை வீணாக்கும். தரை துடைக்கும் கிருமிநாசினியையும், நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றுவோர் உண்டு. முன்னது சதையைப் புண்ணாக்கும். பின்னது உறைந்த அடைப்பையே கரைத்துவிடும். எல்லாவற்றினும் தீயது, நோவு தணியட்டும் என்று மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது. ஐபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. பாராசிட்டமாலும் மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்கத்தக்கதன்று. வெட்டுப்பட்ட நகத்தின் நோவு சிறிது நேரத்தில் தானே தணியும். மாத்திரையால் வந்த கேடு அவ்வளவு எளிதில் தீராது.

நாயின் நாக்கே மருந்து என்பது மற்றொரு நம்பிக்கை. நக்க விட்டால் ஆறிவிடும் என்று பலர் விட்டுவிடுகின்றனர். நாக்கு அடைப்பைப் பெயர்த்தெடுக்கிறது. வாயிலுள்ள கிருமிகளைப் புண்ணில் சேர்க்கிறது. குருதி நின்றபின் அரைமணி நேரமாவது நாயின் அருகிலேயே அமர்ந்து, தடவிக்கொடுத்துக் கவனத்தைத் திருப்ப வேண்டும். தேவையாயின் குழந்தையின் பருத்திக் காலுறை ஒன்றைத் தளர்வாக மாட்டிவிடலாம். ரப்பர் பட்டை போட்டு இறுக்குதல் கூடவே கூடாது. அதை மறந்துவிட்ட வீடுகளில் பாதமே வீங்கி அழுகும் நிலை வந்துவிடும். கட்டுப் போட்டால் விரல்கள் குளிர்ந்திருக்கின்றனவா, வீங்குகின்றனவா என்று அடிக்கடி பார்த்துச் சில மணி நேரத்தில் அவிழ்த்துவிட வேண்டும்.

அன்று முழுதும் நாய்க்கு ஓய்வு. மாடிப்படி ஏறுவதும் பந்து துரத்துவதும் மறுநாளைக்கு. காலை ஊன்றுந்தோறும் உடலின் எடை நகத்தின்மேல் இறங்கி அடைப்பை அசைக்கும் என்பதே காரணம். குளிப்பாட்டுதலும் வேண்டா. இயற்கைக் கடனுக்காக வெளியே அழைத்துச் சென்றால், சேற்றையும் குப்பையையும் தவிர்த்துக் கூட்டிவந்து, பாதத்தைத் தூய துணியால் ஒற்றியெடுத்தால் போதும். நான்கைந்து நாள் அந்த விரலை நாள்தோறும் பார்க்க வேண்டும். வீக்கம், சீழ், நாற்றம், நொண்டல், ஓயாமல் நக்குதல் ஆகிய எதைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகத்தடியில் எலும்பு மிக அருகில் இருக்கிறது. நகம் பிளந்து தொங்கினாலும் வீட்டில் பிடுங்குதல் ஆகாது. துணியால் மூடி அழைத்துச் செல்வதே செய்யத்தக்கது. மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர் அகற்றுவார்.

இதுவரை சொன்னவை பெரும்பாலான வேளைகளில் போதுமானவை. சில வேளைகளில் அவை போதா. அந்தச் சிலவற்றைப் பற்றிப் பேசுவதற்காகவே இப்பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று சொன்னாலும் தவறில்லை.

முறையாக அழுத்தியும், தூள் வைத்தும், இருபது நிமிடம் கடந்தும் குருதி நிற்கவில்லை என்றால், அல்லது நின்று நின்று மீண்டும் மீண்டும் வருகிறது என்றால், குறை நகத்தில் இல்லாமல் குருதியில் இருக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கு முதலில் ஐயுறத்தக்கது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாயுண்ணி கடிப்பதால் எர்லிக்கியா என்னும் நுண்கிருமி நாயின் உடலுட் புகுகிறது. குருதியை உறையச் செய்யும் நுண்தட்டுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நாய் சில நாளாகச் சோற்றை முகர்ந்துவிட்டுப் போயிருக்கும், சோர்ந்து படுத்திருக்கும், வெயில் என்றோ வயது என்றோ வீட்டார் எண்ணியிருப்பர். ஈறுகளிலும் அடிவயிற்றின் மென்தோலிலும் ஊதா நிறப் புள்ளிகள் தோன்றியிருக்கும். மயிரடர்த்தியால் எவரும் கண்டிருக்கமாட்டார்கள். நகம் வெட்டிய அன்றுதான் குருதி நிற்காமல் வந்து, உள்ளே நடந்துகொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு குருதிப் பரிசோதனையில் இது புலப்படும். காலத்தில் கண்டால் டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் சில வாரங்கள் கொடுத்துக் குணப்படுத்த இயலும். நகத்தை வெட்டியவர் தம்மையே நொந்துகொண்டு, மாவும் படிகாரமும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இரவைக் கழித்தால், அந்தக் காலம் கைநழுவும்.

மற்றொன்று எலிமருந்து. கடைகளில் விற்கும் எலிமருந்துகளில் ஒரு வகை, குருதி உறையாதபடி செய்து எலியைக் கொல்வது. உயிர்க்கொலையை விலக்கிய வீட்டில் அது வாங்கப்படுவதில்லை. ஆனால் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலும், அடுத்த வீட்டுத் தோட்டத்திலும், மளிகைக்கடைப் பின்புறத்திலும் அது வைக்கப்படுகிறது. நாய் அதனைத் தின்ற அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தே உடலுக்குள் குருதி கசியத் தொடங்கும். ஈறு வெளுத்தல், மூச்சுத் திணறல், மூக்கிலோ மலத்திலோ குருதி ஆகியவற்றோடு நகத்திலும் குருதி நில்லாதிருந்தால் ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது. வைட்டமின் கே1 அதற்கு மாற்று மருந்து, மருத்துவமனையில் கிடைக்கும். ஈரல் நோயுள்ள முதிய நாய்களுக்கும் இவ்வாறு நேரலாம். டாபர்மன் இனத்தில் குருதி உறைதற்குரிய ஒரு புரதம் பிறவியிலேயே குறைந்திருப்பதுண்டு. குட்டிப் பருவத்தில் முதன்முறை நகம் வெட்டும்போதே அது வெளிப்படுவதும் உண்டு. அவ்வினத்தை வளர்ப்போர் இதனை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

சென்னையில் இருப்போர்க்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. சிற்றூர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. நகத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடியே நாயை எடுத்துச் செல்ல வேண்டும். வழியில் துணி நனைந்தால் அதன்மேலேயே மற்றொன்றைச் சுற்ற வேண்டுமே தவிர, அடித்துணியை எடுத்தல் கூடாது.

இந்நிகழ்ச்சி ஒருமுறை நேர்ந்த இல்லங்களில் அடுத்து நடப்பது ஒன்று உண்டு. நகவெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். எறும்பை மிதியாமல் நடக்கப் பழகிய வீட்டில், தன் கையால் ஓர் ஐந்தறிவுயிர்க்குக் குருதி வந்தது என்ற எண்ணம் எளிதில் ஆறாது. இல்லறத்தாரின் கொல்லா விரதத்துக்குக் குற்றமாவன என்று கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் சிறுவயதிலிருந்தே கேட்கப்பட்டவை. நகம் வெட்டுதல் உறுப்பறுத்தலோ என்ற ஐயமும் எழலாம். வெட்டப்படும் நுனியில் உயிர்ப்பு இல்லை, அது உறுப்பன்று. அழகுக்காக நாயின் வாலையும் செவியையும் அறுத்துவிடுகிறார்களே, உறுப்பறுத்தல் என்பது அது. அப்படி அறுத்த குட்டியை விலை கொடுத்து வாங்குவோரும் அதில் பங்கு உடையவர்களே. நகத்தை வெட்டாமல் விட்டுவிடுவதோ கருணையாகத் தோன்றும் கொடுமை. முன்கால்களின் உட்புறத்தில், தரையைத் தொடாமல் பெருவிரல்போல் நிற்கும் நகம் வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே ஏறிவிடும். மற்ற நகங்கள் தரையில் முட்டி விரல்களை மேல்நோக்கித் தள்ளும். வயது சென்ற நாய் வழுக்கி விழும். வெட்டியவரின் குற்றம் வெட்டியதில் இல்லை. இருண்ட மூலையில், மழுங்கிய கருவியால், வேறு வேலைக்குப் போகும் அவசரத்தில் வெட்டினார் அல்லவா? கருணைமிக்க நெஞ்சும் கவனம் தவறும்போது இம்சையில் முடியும் என்று ஆகமம் கற்றோர் சொல்வது அதைத்தான்.

விளக்கு வைத்த பின் நகம் வெட்டலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நாய்க்கும் பொருந்தும். பகலொளியில் வெண்ணகத்தினுள் இளஞ்சிவப்பாக நகக்கண் தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்திக்கொள்ளலாம். தவறினாலும் மருத்துவமனை திறந்திருக்கும் வேளை அது. கருநகத்தில் நகக்கண் வெளியே தெரிவதில்லை. அங்கே சிறுசிறு சீவலாக வெட்டி, ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் உலர்ந்த மாவுபோல் வெளுத்திருக்கும். நடுவில் சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ ஈரப்பசையுள்ள ஒரு புள்ளி தோன்றினால் அதற்குமேல் கத்தி செல்லலாகாது. நெடுநாள் வெட்டாமல் விட்ட நகத்தில் நகக்கண்ணும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் அதைக் குறுக்கிவிட முயல்வோரே பெரும்பாலும் குருதி காண்கின்றனர். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் நீக்கி வந்தால் நகக்கண் மெல்ல உள்வாங்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாய் நடக்கும்போது தரையில் ‘டக் டக்’ என்று ஒலித்தால் காலம் வந்துவிட்டது என்று பொருள். கருவி கூராக இருக்க வேண்டும். மழுங்கியது நகத்தை வெட்டாமல் நசுக்கும். வெட்டத் தொடங்குமுன் படிகாரப் பொடியோ ஸ்டிப்டிக் தூளோ மூடி திறந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். குருதி வந்தபின் தேடுவோரே காப்பித்தூளில் போய் முடிகிறார்கள்.

கட்டிலடியில் புகுந்த நாயை இழுத்தெடுக்க வேண்டா. குருதி சொட்டு நின்றிருந்தால் அங்கேயே சற்றுக் கிடக்கட்டும். அது தானே வெளியே வந்த பின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த தீனி ஒன்றைக் கொடுக்கலாம். புண் ஆறிய பின் நாலைந்து நாள், நகவெட்டியைக் காட்டாமல், வெறுமனே பாதத்தைப் பிடித்துவிட்டுத் தீனி கொடுக்க வேண்டும். பிறகு நகவெட்டியைத் தரையில் வைத்து அது முகர்ந்து பார்க்கட்டும். அதன் பிறகு அதன் ஒலியை மட்டும் கேட்கட்டும். காய்ந்த குச்சி ஒன்றை வெட்டிக் காட்டினால் போதும். முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு என்று பெரும்பாலான நாய்களுக்குப் பதினெட்டு நகங்கள். முதல்நாள் ஒன்றே ஒன்று, அதுவும் வெட்டுப்படாத காலில். பாட்டி அருகில் அமர்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருக்கட்டும். மற்றப் பதினேழும் அடுத்தடுத்த நாள்களுக்கு.